அதே 600 பேரிடம் ஏழு முறை: ஈரி மாவட்டத் தேர்தல் ஆய்வு, 1940

பின்னணி

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பித் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்துக் குடியரசுக் கட்சியின் லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. லேண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். அதைவிடப் பல மடங்கு சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சரியாகச் சொன்ன கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப்பின் பெயர் அன்றைக்கு ஏறியதுதான், பிறகு இறங்கவே இல்லை.

யார் வெல்வார் என்பதைக் கணிக்க ஒரு வழி பிறந்துவிட்டது. வாக்காளர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதற்கு மட்டும் வழி இல்லை. அந்தக் காலத்தில் அது வெறும் படிப்பாளிகளின் கவலையாக இருக்கவில்லை. ரூஸ்வெல்ட் 1933 முதல் வானொலியில் நேராக வீடுகளுக்குள் பேசிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் வானொலி என்ன செய்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1938 அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பான செவ்வாய்க்கிரகப் படையெடுப்பு நாடகத்தை நிஜச் செய்தி என்று நம்பிச் சிலர் பயந்துபோனது வேறு புதுச் செய்தியாக இருந்தது. ஊடகம் சொன்னால் ஜனங்கள் கேட்டுவிடுவார்கள் என்ற பயமும், கேட்டுவிட மாட்டார்களா என்ற ஆசையும் ஒரே நேரத்தில் உலவின. இந்த நம்பிக்கையைப் பிற்காலப் பாடநூல்கள் ஊசிமருந்துக் கோட்பாடு என்று சொல்கின்றன. அந்நாளைய ஆய்வாளர்களில் அதை அவ்வளவு பச்சையாக எழுதிவைத்தவரைத் தேடினால் கிடைப்பது கடினம். பிறகு வந்தவர்கள் மறுப்பதற்கு வசதியாகக் கட்டிய பொம்மை அது என்பது என் எண்ணம்.

இந்தச் சூழலில்தான் பால் லாசர்ஸ்ஃபெல்ட் வருகிறார். வியன்னாவில் கணிதம் படித்தவர். வேலையிழந்த மரியன்தால் என்ற ஆலைக் கிராமத்தைப் பற்றிய ஆய்வை நண்பர்களுடன் சேர்ந்து நடத்தியவர். சந்தை ஆய்விலும் கை வைத்தவர். 1933இல் அமெரிக்கா வந்தார். 1940 வாக்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வானொலி ஆய்வு அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஒருவர் ஒரு பொருளை வாங்க எப்படித் தீர்மானிக்கிறார் என்று கேட்டுப் பழகிய மனிதர், அதே கேள்வியை வாக்குச்சீட்டின் பக்கம் திருப்பினார். பெர்னார்ட் பெரல்சன், ஹேசல் காடெட் இருவரும் உடன் சேர்ந்தார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது

ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில், கிளீவ்லேண்டுக்கும் டொலிடோவுக்கும் நடுவில் இருக்கிறது ஈரி மாவட்டம். சாண்டஸ்கி என்ற நகரமும் சுற்றிலும் விவசாய ஊர்களும். மக்கள்தொகை சுமார் 43,000. நேர்காணல் செய்பவர்களைக் கண்காணிக்கக்கூடிய அளவுக்குச் சிறிய இடம். பெரிய நகரம் எதன் நிழலிலும் இல்லை. தனி வட்டாரக் குணம் என்று எதுவும் தூக்கலாகத் தெரியவில்லை. அந்த நூற்றாண்டில் அதுவரை நடந்த அதிபர் தேர்தல்களில் மாவட்டத்தின் வாக்குப் போக்கு நாட்டின் போக்கைவிட்டு அதிகம் விலகவில்லை. தேர்வுக்கு இவைதான் காரணங்கள்.

இதை அமெரிக்காவின் சராசரி மாவட்டம் என்று யாரும் சொல்லவில்லை. சில நூல்களில் அப்படி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். முடிவு எப்படி உருவாகிறது என்று பார்க்க ஒரு வசதியான இடம் வேண்டும், நாட்டுக்கே சதவீதம் சொல்ல அல்ல என்பதில் ஆய்வாளர்கள் தெளிவாகவே இருந்தார்கள்.

முக்கிய முடிவு: திரும்பிப் போவது

1940 மே மாதம் மாவட்டத்தில் நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்று போய்ச் சுமார் 3,000 பேரைச் சந்தித்தார்கள். நேர்காணல் செய்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், அதிலும் பெண்களே அதிகம். அந்த 3,000 பேரிலிருந்து வயது, கல்வி, வசதி முதலியவற்றில் ஒத்துவருகிற மாதிரி 600 பேர் கொண்ட நான்கு குழுக்களைப் பிரித்தார்கள்.

ஒரு குழுவை நவம்பர் வரை மாதாமாதம் பார்த்தார்கள். முதல் சந்திப்பையும் சேர்த்தால் ஏழு முறை. பேனல் ஆய்வு என்று இன்று சொல்வது இதைத்தான்.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. மே மாதம் ஒரு கூட்டத்திடமும் அக்டோபரில் வேறொரு கூட்டத்திடமும் கேட்டால், இரண்டு தடவையும் ஒரு கட்சிக்கு 45 சதவீதம் என்றே வரலாம். யாரும் மாறவில்லை என்று எழுதிவிடுவோம். உண்மையில் பத்துப் பேர் இந்தப் பக்கமும் பத்துப் பேர் அந்தப் பக்கமும் போயிருக்கலாம். மொத்தக் கணக்கு அதை மறைத்துவிடும். அதே ஆளிடம் திரும்பிப் போனால்தான் மாறியவர் யார் என்று தெரியும். மாறிய கையோடு, மறப்பதற்குள், ஏன் மாறினீர்கள் என்று கேட்கவும் முடியும். போன மாதம் சொன்னதிலிருந்து ஒருவர் துளி விலகினாலும் அவரிடம் தனியாக விரிவான கேள்விகள் கேட்பது என்று விதி வைத்திருந்தார்கள். கூடவே பத்திரிகை, வானொலி, பேச்சு என்று பிரசாரம் எந்தெந்த வழியாக அவரை எட்டியது என்பதும் தொடர்ந்து பதிவானது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதாமாதம் ஒருவர் வந்து அரசியல் கேட்டால், அதனாலேயே அரசியலில் கவனம் திரும்பிவிடாதா? மற்ற மூன்று குழுக்களை வைத்திருந்தது இதற்காகத்தான். அவற்றில் ஒன்றை ஜூலையிலும், ஒன்றை ஆகஸ்டிலும், இன்னொன்றை அக்டோபரிலும் ஒரே ஒரு முறை மறுபடி சந்தித்துப் பேனல் குழுவோடு ஒப்பிட்டார்கள். பெரிய வேறுபாடு தென்படவில்லை. 600 பேரின் பதில்களை நம்பலாம் என்ற தைரியம் வந்தது இங்கேதான். ஒப்பீட்டுக்கு என்று 1,800 பேரை ஒதுக்கிவைப்பது செலவு பிடிக்கிற வேலை. இன்றைக்குப் பட்ஜெட் போடும்போது முதலில் வெட்டு விழுகிற இனமும் அதுதான்.

பிரசாரத்தின் ஆறு மாதங்களில் கண்டது

அந்த ஆண்டு நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. அதுவரை தேர்தலிலேயே நிற்காத, மின் நிறுவனத் தலைவராக இருந்த வெண்டல் வில்கியைக் குடியரசுக் கட்சி ஜூன் கடைசியில் வேட்பாளராக்கியது. ஜூலையில் ரூஸ்வெல்ட் யாரும் செய்யாதபடி தொடர்ந்து மூன்றாவது முறைக்கு நின்றார். ஊடகம் மனத்தை மாற்றும் என்றால், மாற்றிக்காட்ட இதைவிட நல்ல ஆண்டு கிடைக்காது.

கிடைத்த பதில் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. பாதிப் பேர் மே மாதமே முடிவு செய்திருந்தார்கள். நவம்பர் வரை அசையவில்லை. ஒரு கட்சியை விட்டு இன்னொன்றுக்குப் போய் அங்கேயே நின்றவர்கள் 8 சதவீதம். மீதிப் பேரில் முதலில் முடிவில்லாமல் இருந்து பிறகு ஒரு பக்கம் சேர்ந்தவர்களும், நடுவில் தள்ளாடிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியவர்களும் இருந்தார்கள். பிரசாரத்தின் விளைவு என்று பிரித்துப் பார்த்தபோது, இருந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியது 53 சதவீதத்தினரிடம். உள்ளே இருந்த சாய்வைத் தட்டி எழுப்பியது 14 சதவீதத்தினரிடம்.

அந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? வசதி, மதம், குடியிருப்பு. வசதியுள்ள புரோட்டஸ்டன்ட், கிராமத்துக்காரர் என்றால் பெரும்பாலும் குடியரசுக் கட்சி. வசதி குறைந்த கத்தோலிக்கர், நகரத்துக்காரர் என்றால் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி. இந்த மூன்றையும் சேர்த்து ஓர் அளவுகோல் செய்தார்கள். இரண்டு பக்கமும் இழுபட்டவர்கள், உதாரணமாக வசதியான கத்தோலிக்கர்கள், முடிவைத் தள்ளிப்போட்டார்கள், அல்லது ஆர்வத்தையே விட்டார்கள்.

யார் அதிகமாகப் பிரசாரம் படித்தார்கள், கேட்டார்கள் என்ற கேள்விக்கு வந்த பதில் ஊடகக்காரர்களுக்கு இனிக்காதது. ஏற்கெனவே முடிவெடுத்து நிலையாக நின்றவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். அவர்களிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் பக்கத்துப் பிரசாரத்தையே அதிகமாகக் கேட்டுப் படித்தார்கள். யாரைப் பிடிக்க வேண்டும் என்று கட்சிகள் அலைந்தனவோ, அந்தத் தயங்குகிற வாக்காளர் வானொலியைத் திருப்பவே இல்லை.

கேட்காத கேள்விக்கு வந்த பதில்

சமீபத்தில் தேர்தல் பற்றி எங்கே, எதன் வழியாகக் கேட்டீர்கள் என்று விசாரிக்கும்போதெல்லாம், பத்திரிகையையும் வானொலியையும்விட மற்றவர்களோடு பேசியதைத்தான் அதிகம் பேர் சொன்னார்கள். சராசரி நாள் ஒன்றில் முக்கியமான உரையைக் கேட்டவர்களையோ தேர்தல் செய்தியைப் படித்தவர்களையோ காட்டிலும் தேர்தலைப் பற்றிப் பேச்சில் கலந்துகொண்டவர்கள் சுமார் 10 சதவீதம் அதிகம். வாக்களிக்கப் போவதில்லை என்று முதலில் சொல்லிவிட்டுக் கடைசியில் போய்ப் போட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் காரணமாகச் சொன்னது இன்னொரு மனிதரை.

இரண்டு பேரைப் பார்ப்போம். ஒருவர் உணவகத்தில் பரிமாறும் பெண். வில்கி வேண்டாம் என்று மனம் மாறியிருந்தார். கொஞ்சம் பத்திரிகையில் படித்ததும் உண்டு என்றார். ஆனால் நிஜக் காரணம் காதில் விழுந்ததுதான், சாப்பிட வந்த பலரும் வில்கி சரிப்பட மாட்டார் என்று பேசிக்கொண்டார்கள் என்றார். அவர்கள் அவரிடம் பிரசாரம் செய்யவில்லை. தட்டு வைக்கும்போது பேச்சு காதில் விழுந்தது, அவ்வளவுதான். இன்னொரு பெண் வேலை பார்த்த வீட்டு அம்மா, ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லி அவரைக் கையோடு வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே வந்த மற்றவர்கள் எல்லாரும் குடியரசுக் கட்சிக்குப் போட்டதால் தானும் போட்டதாக இந்தப் பெண் சொன்னார். எந்தக் கொள்கை விளக்கமும் இதில் இல்லை.

குடும்பம் இதே வழியில் போனது. வாக்களித்த இன்னொருவரோடு ஒரே வீட்டில் இருந்த 413 பேரில், வீட்டில் ஒருவர் எதிர்க்கட்சிக்குப் போட்டார் என்று சொன்னவர்கள் 4 சதவீதம்தான். (சம்பந்தி, மருமகன், மைத்துனர் வகை உறவுகளில் மட்டும் கருத்து வேறுபாடு கணிசமாக இருந்தது. இதை விளக்க நமக்குச் சமூகவியல் தேவையில்லை.)

ஆய்வு தொடங்கும்போது இது திட்டத்தில் இல்லை. ஊடகத்தின் வலிமையை அளக்கப் போனவர்கள் அவர்கள். வந்த பதிலை இடைஞ்சலாக நினைத்து ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் பிரசாரத்தின் நடுவில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தார்கள்: அண்மையில் உங்கள் அரசியல் கருத்தை யாரையாவது ஏற்கவைக்க முயன்றீர்களா? அரசியல் விஷயமாக யாராவது உங்களிடம் யோசனை கேட்டார்களா? இவற்றுக்கு ஆம் என்றவர்களைக் கருத்துத் தலைவர்கள் என்று வகைப்படுத்தினார்கள். 21 சதவீதம் பேர் தேறினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டுமல்ல, எல்லாத் தொழிலிலும் எல்லாத் தட்டிலும் இருந்தார்கள். மற்றவர்களைவிட இவர்கள் அதிகம் படித்தார்கள், அதிகம் கேட்டார்கள்.

இதிலிருந்துதான் அந்தப் புகழ்பெற்ற கருதுகோள்: கருத்துகள் பல நேரம் வானொலியிலிருந்தும் அச்சிலிருந்தும் முதலில் கருத்துத் தலைவர்களுக்குப் போகின்றன, அவர்களிடமிருந்து அவ்வளவு ஈடுபாடில்லாத மற்றவர்களுக்குப் போகின்றன. இருபடிப் பாய்வு என்று இதழியல் வகுப்பில் முதல் ஆண்டே எழுதவைப்பார்கள். ஆய்வு நூலாக வந்தது 1944இல்.

முடிவு எவ்வளவு தாங்கும்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏனென்றால் பாடநூல்கள் நிதானிப்பதில்லை.

கையில் இருந்த தரவு என்ன? யோசனை சொல்வதாகத் தாங்களே சொன்ன ஒரு கூட்டம், அப்படிச் சொல்லாத ஒரு கூட்டம். அவ்வளவுதான். இந்த யோசனைக்காரர் யாருக்கு யோசனை சொன்னார்? அந்த ஆள் மாதிரியில் இருந்தாரா? தெரியாது. 43,000 பேரில் வீடு வீடாக எண்ணித் தேர்ந்தெடுத்த 600 பேரில், ஒருவரும் அவருடைய ஆலோசகரும் சேர்ந்து விழுவது அபூர்வம். நல்ல மாதிரியெடுப்பு என்பது மனிதரை அவருடைய அக்கம்பக்கத்திலிருந்து பிடுங்கி எடுக்கிற வேலை. சதவீதத்துக்கு அது தேவை; உறவுகளைப் பார்க்க அது கெடுதல்.

சமூகவியலாளர் எலிஹு கட்ஸ் 1957இல் இந்தக் குறையை நேர்மையாக எடுத்து எழுதினார், அதுவும் அதே லாசர்ஸ்ஃபெல்ட் சிந்தனைப் பள்ளிக்குள் இருந்துகொண்டு. தலைவர்களுக்குத் தேர்தலில் ஆர்வம் அதிகம் என்பது உண்மைதான். அதனால் ஆர்வமுள்ளவரிடமிருந்து ஆர்வமில்லாதவருக்குக் கருத்து போகிறது என்று ஆகிவிடாது. தலைவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கலாம். ஆர்வமில்லாதவர் அந்தச் சந்தைக்கே வராமல் இருக்கலாம். 1940 தரவை வைத்து இதை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். திரும்பத் திரும்ப அதே ஆளிடம் போகும் முறைதான் பேச்சின் பங்கை வெளியே கொண்டுவந்தது. அந்தப் பேச்சைப் பின்தொடர்ந்து அடுத்த வீட்டுக்குப் போக முடியாதபடி தடுத்ததும் அதே வடிவம்தான்.

பிறகு நடந்தது

நடந்தவை ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் குறையைத் துரத்திய ஆய்வுகள். ராபர்ட் மெர்ட்டன் ஒரு சிறு நகரத்தில் 86 பேரிடம், உங்களுக்கு யோசனை சொல்பவர்கள் யார் என்று கேட்டு, பெயர் அடிபட்டவர்களைத் தேடிப் போனார். யோசனை கேட்டவரில் தொடங்கி யோசனை சொன்னவரை அடைவது என்று பாதை மாறியது.

1945இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் டிகேட்டரில் சுமார் 800 பெண்களிடம் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவின் அடுத்த பெரிய ஆய்வு. தேர்தலை விட்டுவிட்டு அன்றாட விஷயங்கள்: கடையில் வாங்குவது, உடையலங்காரம், பொது விவகாரம், எந்தத் திரைப்படம் போவது. ஒரு பெண், இன்னாருடன் பேசிய பிறகு மனம் மாறினேன் என்று சொன்னால், நேர்காணல் செய்பவர் அந்த இன்னாரின் கதவைப் போய்த் தட்டினார். இப்படி ஒரு பேச்சு நடந்ததா, யோசனை சொன்னவர் நீங்களா என்று கேட்டார். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு நினைவில்லை அல்லது வேறு மாதிரி நினைவிருந்தது. 1940இல் தன் வாயால் சொன்னதை மட்டும் நம்பியது எவ்வளவு தூரம் சரி என்பதற்கு இது ஒரு அளவு. மோசமில்லை, முழுதாக நம்பவும் முடியாது.

டிகேட்டரில் இன்னொன்றும் தெரிந்தது: எல்லாவற்றுக்கும் ஒரே தலைவர் கிடையாது. உடை விஷயத்தில் திருமணமாகாத இளம்பெண்களின் சொல் எடுபட்டது. வீட்டுச் சாமான் விஷயத்தில் பெரிய குடும்பத்து மூத்த பெண்களின் சொல். களப்பணியைக் கவனித்த சி. ரைட் மில்ஸுக்கும் லாசர்ஸ்ஃபெல்டுக்கும் ஒத்துவராமல் போய், நூல் வெளிவர 1955 ஆகிவிட்டது.

முழுத் தீர்வு மருத்துவர்களிடம் கிடைத்தது. 1950களில் கோல்மன், கட்ஸ், மென்சல் மூவரும் மத்திய மேற்கின் நான்கு நகரங்களில் ஒரு புதிய மருந்து மருத்துவர்களிடையே எப்படிப் பரவியது என்று பார்த்தார்கள். மாதிரி எடுப்பதை விட்டுவிட்டு, தொடர்புடைய துறைகளின் மருத்துவர்களை ஏறக்குறைய மொத்தமாகச் சந்தித்தார்கள். யாரிடம் யோசனை கேட்பீர்கள், யாரோடு பழகுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் பெயர் வாங்கினார்கள். அப்புறம் மருந்துக்கடைச் சீட்டுகளைப் புரட்டி, யார் எப்போது முதலில் எழுதிக்கொடுத்தார் என்று தேதி எடுத்தார்கள். உறவும் காலமும் ஒரே கோப்புக்குள் வந்தன. நினைவை நம்ப வேண்டிய தேவை பாதியாகக் குறைந்தது.

எதிர்ப்பும் வந்தது. இந்தப் பள்ளி ஊடகத்தின் வலிமையைக் குறைத்துக் காட்டிவிட்டது, ஆறு மாதத்தில் மனம் மாறியதா என்று மட்டும் பார்த்தால் ஊடகத்தின் நீண்டகால வேலை கண்ணில் படாது என்று டாட் கிட்லின் 1978இல் கடுமையாக எழுதினார். அதற்கு முன்பே 1968 தேர்தலில் மெக்கோம்ஸும் ஷாவும் சேப்பல் ஹில்லில் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் வேறு கேள்வி கேட்டுவிட்டார்கள்: யாருக்குப் போடுவீர்கள் என்பதை விட்டு, எது முக்கியப் பிரச்சினை என்று. அந்தப் பதில்கள் ஊடகங்கள் முக்கியத்துவம் கொடுத்த வரிசையோடு நெருக்கமாகப் பொருந்தின. ஊடகம் பலவீனமானது என்ற முடிவு, கேட்ட கேள்வியையும் பொறுத்தது என்று ஆகிவிட்டது.

இன்று செய்தால் மாற்ற வேண்டியவை

அதே ஆளிடம் திரும்பிப் போவதை விடக்கூடாது. ஒப்பீட்டுக் குழுவையும் விடக்கூடாது. செலவைக் குறைக்க வேண்டுமானால் சந்திப்பின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஒப்பீட்டைக் கைவிடுவது ஆபத்து.

மாற்ற வேண்டியது மாதிரியின் வடிவம். 600 பேரை மாவட்டம் முழுக்கத் தூவுவதைவிட, ஒரு பகுதியினரைத் தெரு தெருவாக, வேலையிடம் வேலையிடமாகச் சேர்த்து எடுக்க வேண்டும். அந்த உணவகப் பெண் மாதிரியில் இருந்தால், அங்கே வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களில் நாலு பேராவது இருக்க வேண்டும். அந்த நால்வர் எங்கிருந்து கேட்டுவந்து பேசினார்கள் என்பதுதான் இரண்டாம் படிக்கு முந்தைய முதல் படி. 1940இல் யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஏற்கவைக்க முயன்றீர்களா என்ற கேள்வி, முயலாமலே பாதிப்பவரை விட்டுவிடுகிறது. வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போன வீட்டு அம்மா ஆம் என்று சொல்லியிருப்பார். பக்கத்து மேசையில் பேசிக்கொண்டிருந்தவர் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அதுவும் பொய்யில்லாமல். கடைசியாகத் தேர்தல் பற்றி யார் பேசிக் கேட்டீர்கள், எங்கே, அவர் உங்களிடம் பேசினாரா வேறு யாரிடமாவது பேசினாரா என்று கேட்பது இதைவிடப் பரவாயில்லை. வீட்டு அம்மாவுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் இடையில் நடந்ததைச் செல்வாக்கு என்று சொல்வதா, அதிகாரம் என்று சொல்வதா என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். 1940 படிவத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்தன.

பெயர் வாங்கிப் போய்ப் பார்ப்பதென்றால், முதலில் பேசியவரின் சம்மதத்தை அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லி இன்னாரிடம் விசாரிக்கலாமா என்று. மறுப்பவர்கள் இருப்பார்கள். எத்தனை பேர் மறுத்தார்கள், எந்த உறவைப் பற்றி மறுத்தார்கள் என்பதையும் அட்டவணையில் போட வேண்டும்.